வரிசை சேர்ந்தது, கூட்டலில் சேர்ந்ததா?

சிட்டையும் பேரேடும் இருந்த இடத்தில் இன்று பல கடைகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. கடன் கணக்கை எக்ஸெல் தாளில் போடும் வியாபாரிகள் நம் ஏழாயிரம்பண்ணையிலும் சுற்று வட்டாரத்திலும் பெருகி விட்டார்கள். அந்தத் தாளில் புதிதாக ஒரு வரிசை சேர்ப்பது மிகச் சிறிய வேலை. ஆனால் அந்தச் சிறிய வேலையில்தான் பணம் நழுவுகிறது.

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம் எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்துக் கிராமத்து மளிகைக்காரர் ஒருவர் மூன்று மாதக் கணக்கை முடிக்க வந்தார். தாளைப் பார்த்துத் தொகையைச் சொன்னேன். அவர் தம் நோட்டைப் புரட்டிவிட்டு, "அண்ணாச்சி, கடைசியா எடுத்த நாலு மூட்டை சீனி இதுல வரலியே" என்றார். தாளில் அந்தப் பதிவு கண்ணெதிரே இருந்தது. 8,400 ரூபாய். ஆனால் மொத்தத்தில் சேரவில்லை. அவர் நாணயஸ்தர், சொன்னார். சொல்லாமல் போயிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

தவறு எங்கே?

விஷயம் இதுதான். பதிவுகள் 2ஆம் வரிசை முதல் 25ஆம் வரிசை வரை இருக்கின்றன. 26ஆம் வரிசையில், 2 முதல் 25 வரை கூட்டு என்று சூத்திரம் இருக்கிறது. மொத்தத்துக்கு நேர் மேலே ஒரு வரிசையைப் புகுத்தினால், மொத்தம் 27க்கு இறங்கி விடுகிறது. சூத்திரமோ பல சமயம் 25ஆம் வரிசையோடு நின்று விடுகிறது. நடுவில் புகுத்தினால் எல்லை தானே விரியும்; கடைசியில் புகுத்தினால் அதை நம்ப முடியாது. நாம் பதிவு சேர்ப்பது எப்போதும் கடைசியில்தானே!

படித்தவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் அரசாங்கங்களின் கடன் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல நாடுகளில் அதை எடுத்துக்காட்டிப் பேசினார்கள். 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்ஸெல் தாளை வாங்கிப் பார்த்தார். 20 நாடுகளுக்குச் சராசரி எடுக்க வேண்டிய சூத்திரம் 15 நாடுகளோடு நின்றிருந்தது. ஐந்து வரிசைகள் விடுபட்டுப் போயின. பேராசிரியர்களும் அந்தப் பிழையை ஒப்புக்கொண்டார்கள். பேராசிரியர்கள் தாளிலேயே ஐந்து வரிசை விடுபடும் என்றால், தீபாவளிக் கூட்டத்தில் பில் போடும் நம் பையன் தாளில் ஒன்று விடுபடாதா?

மேக்ரோ என்ற உதவியாள்

நாம் செய்யும் வேலையை ஒரு முறை பார்த்து வைத்துக்கொண்டு, பின்பு ஒரே விசையில் அப்படியே செய்து தருவதுதான் மேக்ரோ. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3லேயே இந்த வசதி இருந்தது. சரியாகக் கற்றுக்கொடுத்தால் ஆயிரம் முறையும் ஒரே மாதிரி செய்யும். தவறாகக் கற்றுக்கொடுத்தால் தவறையும் ஆயிரம் முறை செய்யும். ஆகவே முதலில் தாளைச் சரி செய்ய வேண்டும்.

1. மொத்தத்துக்கு மேலே ஒரு வெற்று வரிசை விட்டு, அதற்கு மஞ்சள் நிறம் கொடுங்கள். கூட்டல் சூத்திரம் அந்த மஞ்சள் வரிசையையும் சேர்த்தே கூட்ட வேண்டும். புதுப் பதிவு எப்போதும் மஞ்சளுக்கு மேலேதான் புக வேண்டும். அப்போது எல்லை கட்டாயம் விரியும்.

2. மஞ்சள் வரிசையின் முதல் கட்டத்துக்கு, இடது மேல் மூலையிலுள்ள பெயர்ப் பெட்டியில் இங்கிலீஷில் 'லாஸ்ட்' என்று பெயர் வையுங்கள். வரிசை எவ்வளவு கீழே இறங்கினாலும் பெயர் கூடவே போகும்.

3. 'வியூ' பகுதியில் 'மேக்ரோஸ்' சென்று, 'யூஸ் ரிலேட்டிவ் ரெஃபரென்ஸஸ்' என்பதை முதலில் அழுத்துங்கள். இதை மறந்தால் மேக்ரோ நீங்கள் கற்றுக்கொடுத்த அன்றைய வரிசை எண்ணையே பிடித்துக்கொண்டு, தினமும் அதே இடத்தில் போய்ப் புகுத்தும்.

4. 'ரெக்கார்ட் மேக்ரோ' அழுத்தி, ஒரு பெயரும் குறுக்கு விசையும் கொடுங்கள். பிறகு எஃப்5 அழுத்தி 'லாஸ்ட்' என்று அடித்து என்டர் கொடுங்கள். ஷிப்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் வரிசை முழுதும் தேர்வாகும். கண்ட்ரோலும் கூட்டல் குறியும் சேர்த்து அழுத்தினால் புது வரிசை வரும். அம்பு விசையால் தொகைக் கட்டத்துக்குப் போய், கண்ட்ரோலும் 'டி'யும் அழுத்தினால் மேல் வரிசையின் பெருக்கல் சூத்திரம் இறங்கி வரும். ஹோம் விசையால் தேதிக் கட்டத்துக்குத் திரும்பி, பதிவை நிறுத்துங்கள்.

5. சேமிக்கும்போது 'மேக்ரோ எனேபிள்டு' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண வகையில் சேமித்தால் மேக்ரோ போய்விடும்.

மேக்ரோவே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. பதிவுகளுக்குள் நின்று கண்ட்ரோலும் 'டி'யும் அழுத்தினால் மேலிருந்து இறங்கும் என்றேன் அல்லவா? 'டி' என்ற உச்சரிப்பில் இரண்டு எழுத்து உண்டு. அது 'டவுன்' என்பதற்குரிய எழுத்து. 'டேபிள்' என்பதற்குரிய எழுத்தை அழுத்தினால் தாள் 'டேபிள்' ஆகிவிடும். அதில் மொத்த வரிசையையும் வைத்துக்கொண்டால், கடைசிக் கட்டத்தில் டேப் விசையைத் தட்டியதும் புது வரிசை வரும், மொத்தமும் விரியும்.

கவனிக்க வேண்டியவை

மேக்ரோ செய்ததை 'அன்டூ' கொடுத்து மாற்ற முடியாது. ஆகவே முதலில் தாளின் நகலில் பழகுங்கள். வெளியாள் அனுப்பும் மேக்ரோ உள்ள ஃபைலைத் திறக்காதீர்கள். 1999இல் உலகைக் கலக்கிய மெலிசா வைரஸ் மேக்ரோ வழியாகத்தான் பரவியது. 2022 முதல் இன்டர்நெட்டிலிருந்து வரும் ஃபைல்களின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தடுத்து வைக்கிறது.

இன்னொன்று. கட்டுப் போட்ட பேரேட்டில் இரண்டு பதிவுக்கு நடுவில் மூன்றாவதைச் செருக இடம் கிடையாது. எக்ஸெலில் எங்கும் செருகலாம். ஜி.எஸ்.டி. விதி 56, கணக்கில் எழுதியதை அழிக்கவோ மேலே எழுதவோ கூடாது என்கிறது. கம்ப்யூட்டரில் கணக்கு வைத்தால், திருத்தியதற்கும் நீக்கியதற்கும் பதிவு வைக்கச் சொல்கிறது. ஆகவே எக்ஸெல் தாளை நம் கைச் சிட்டையாக மட்டும் வைத்துக்கொண்டு, முறையான கணக்கை ஆடிட்டரைக் கேட்டு எழுதுங்கள்.

கடைசியாக, கடை சாத்தும் முன் பில்களை எண்ணுங்கள். தாளில் அன்றைய வரிசைகளையும் எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போனால், பில் தொகைகளைக் கால்குலேட்டரில் கூட்டி, தாளில் அன்று ஏறிய தொகையோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை. வரிசையை மேக்ரோ சேர்க்கட்டும். சரிபார்ப்பது முதலாளியின் வேலை.