மரத்தின் காயம் ஆறுவதில்லை

மே மாதக் கடைசியில் தென்மேல் பருவப்பெயர்ச்சி பிடித்துக்கொண்டதும் மலையகத்திலிருந்து ஒரே வகைச் செய்திகள் திரும்பத் திரும்ப வரும். ஹட்டன் – நுவரெலியா பிரதான வீதியில் மரம் முறிந்து போக்குவரத்துத் தடை. லயன் கூரையின்மேல் கிளை விழுந்து சேதம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்மீது மரம் சாய்ந்து உயிரிழப்பு. அதன்பிறகு இயந்திர வாளோடு ஆட்கள் வருவார்கள், அந்தப் பக்கத்து மரங்களையெல்லாம் பாதி உயரத்தில் தலைவெட்டி நிறுத்துவார்கள். ஆபத்து நீங்கிவிட்டது என்று எல்லோரும் நம்புவார்கள். ஆனால் அப்படிப்பட்ட வெட்டுகளில் பல, இன்னும் சில ஆண்டுகளில் வரப்போகும் முறிவுக்கு நாள் குறித்துவிடுகின்றன.

மரத்தைக் கழிப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. பட்டுப்போன, நோய்ப்பட்ட கிளைகளை அகற்றி மரத்தைக் காப்பது ஒன்று. ஆள்மீதும் கூரைமீதும் மின்கம்பிமீதும் விழாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. தோற்றம் மூன்றாவது. ஹக்கல பூங்காவிலும் நுவரெலியா விக்டோரியா பூங்காவிலும் தோற்றத்துக்கு முதலிடம் கொடுக்கலாம். லயனுக்கு மேலே சரிவில் நிற்கும் மரத்துக்கு அப்படியில்லை. எந்தக் காரணத்துக்காக வெட்டினாலும் வெட்டு விழும் இடம் சரியாக இருக்கவேண்டும். அந்த இடத்தை மரமே அடையாளம் காட்டி வைத்திருக்கிறது.

மலையகத்துக்குக் கவ்வாத்து, அதாவது கழிப்பு வேலை, புதிதல்ல. தேயிலைச் செடியே உண்மையில் ஒரு மரம். வெட்டாமல் விட்டால் பத்து மீற்றருக்கும் மேலே போகும். இடுப்பளவு மட்டத்தில் அது நிற்பதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாகக் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகள். நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் விறகுக்குமாக வளர்க்கப்பட்ட மரங்களின் நிலை வேறு. சவுக்கு என்றும் சபுக்கு என்றும் சொல்லப்படும் கிரெவிலியா, டர்பன்டைன் என்று அழைக்கப்படும் யூகலிப்டஸ், சைப்ரஸ், முள்முருக்கு ஆகியவற்றுக்குத் தேயிலைக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைத்ததில்லை.

வரலாறு சுருக்கமானது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தெரியவந்த இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ஆஸ்திரேலிய மரமான கிரெவிலியா 19ஆம் நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்தது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் பணிப்பாளர் ரொம் பெச் ஒரு பங்கசு ஆய்வாளர். வெட்டிய கிரெவிலியாவின் அடிக்கட்டையில் குடியேறும் பங்கசு வேர்வழியாகத் தேயிலைக்குத் தாவும் என்பது அந்தக் காலத்து ஆய்வுகளிலேயே பதிவாகிவிட்டது. மரத்தின் காயத்தைப் பற்றிய தெளிவான விளக்கம் வருவதற்கு மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது.

மனிதரின் தோலில் காயம் பட்டால் அழிந்த கலங்களின் இடத்தில் புதிய கலங்கள் வருகின்றன. மரத்துக்கு அந்தத் திறன் கிடையாது. அழுகிய மரக்கட்டை அழுகியதுதான். அது மறுபடி நல்ல கட்டையாவதில்லை. மரத்தால் முடிவதெல்லாம் காயத்தை அடைத்துப் பிரித்து வைப்பது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, மரங்களைக் குறுக்காக மட்டும் அறுத்துப் பார்க்காமல் நீளவாக்கில் பிளந்து பார்த்தார். பழைய காயங்களிலிருந்து அழுகல் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எங்கே நின்றுபோயிருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. 1977இல் அவரும் ஹரோல்ட் மார்க்ஸும் வெளியிட்ட விளக்கத்தின்படி மரம் நான்கு சுவர்களால் அழுகலை அடைக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய லயனை நினைத்துக்கொண்டால் போதும். வரிசையாகக் காம்பராக்கள், அவற்றின்மேல் ஒரே நீளக் கூரை. ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் நடுச்சுவர் அதைத் தடுக்கும், ஆனால் கூரைக்கடியில் உள்ள இடைவெளி வழியாக அது வரிசை முழுவதும் ஓடிவிடும். மரத்தண்டில் மேலும் கீழும் ஓடும் காழ்க்கலன்கள் அந்தக் கூரை இடைவெளி போன்றவை. காயம் பட்டதும் மரம் அந்தக் குழாய்களைப் பிசினாலும் கல வளர்ச்சியாலும் அடைக்கிறது. இதுவே முதலாவது சுவர், நான்கிலும் பலவீனமானது. அழுகல் மற்றத் திசைகளைவிட மேலும் கீழுமாக அதிகத் தூரம் போவது இதனால்தான். இரண்டாவது சுவர் ஆண்டு வளையத்தின் அடர்ந்த விளிம்பு. அழுகல் மையத்தை நோக்கி உள்ளே போவதை அது மறிக்கிறது. மூன்றாவது சுவர் மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்க்கலங்கள். பக்கவாட்டில் பரவுவதை அது தாமதப்படுத்துகிறது. இந்த மூன்றும் காயத்துக்கு முன்பே கட்டி முடிந்த வீட்டுக்குள் அமையும் சுவர்கள். தீ வலுத்தால் அவை ஒவ்வொன்றாக விழும்.

நான்காவது சுவர் முற்றிலும் வேறானது. காயம் பட்ட பிறகு, பட்டைக்கு உட்புறமுள்ள மாறிழையம் ஒரு தனிவகைக் கலப்படையை உருவாக்குகிறது. லயனில் தீப்பிடித்ததும் அதை அணைக்கப் போகாமல், அதைச் சுற்றி ஒரு கருங்கல் சுவரை எழுப்பி, குடும்பங்கள் எல்லாம் சுவருக்கு வெளியே புதிதாகக் கட்டிய வீடுகளுக்குக் குடிபெயர்வதற்கு இது ஒப்பு. உள்ளே தீ ஆண்டுக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கலாம். பழைய காம்பராக்கள் எல்லாம் சாம்பலாகலாம். வெளியே அடுப்பெரியும், பிள்ளைகள் வளரும், ஒவ்வோர் ஆண்டும் ஒரு புது வரிசை வீடு கூடும். உள்ளே பொந்தாகிப்போன மரம் பல பத்தாண்டுகள் தழைத்து நிற்பது இப்படித்தான். அந்தக் கருங்கல் சுவரை யாராவது உடைத்தால் தீ புது வீடுகளுக்குள் வந்துவிடும். பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சீமெந்து பூசுகிறவர் செய்வது இந்தச் சுவர் உடைப்பைத்தான். முன்பு நல்ல பராமரிப்பு என்று கருதப்பட்ட அந்த வேலை மரத்துக்குப் பெருங்கேடு.

கிளைகள் உதிர்வது மரத்துக்கு அன்றாட நிகழ்ச்சி. ஆகவே ஒவ்வொரு கிளையின் அடியிலும் ஒரு சுவருக்கான ஏற்பாட்டை மரம் முன்கூட்டியே செய்து வைக்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால் அதன் அடிப்புறத்தில் ஒரு புடைப்பு தெரியும். அதைக் கழுத்து மேடு எனலாம். மேற்புறக் கவட்டில் பட்டை சுருங்கி வரம்பாக ஓடியிருக்கும். ஒவ்வொரு வளர்ச்சிப் பருவத்திலும் முதலில் கிளையின் இழையம் வளர்ந்து தண்டுக்குள் இறங்குகிறது, பிறகு தண்டின் இழையம் அதைச் சுற்றி வளைத்து மூடுகிறது. ஆண்டாண்டாக இப்படி மாறி மாறிப் படிந்ததே அந்த மேடு. கிளையின் அடியில் அந்த இடத்திலேயே, பங்கசுக்கு நஞ்சாகும் பீனோல் சேர்மங்கள் நிறைந்த ஒரு காப்பு வலயம் உருவாகிறது. சைப்ரஸ் போன்ற ஊசியிலை மரங்களில் அந்த வேலையைப் பிசினிலுள்ள டர்பீன்கள் செய்கின்றன.

வெட்டவேண்டிய இடம் இதிலிருந்து தானாகத் தெளிவாகிறது. மேட்டுக்கும் வரம்புக்கும் சற்று வெளியே, மேட்டைத் தொடாமல் வெட்டவேண்டும். அழகாக இருக்கட்டும் என்று தண்டோடு ஒட்ட அறுத்தால் காப்பு வலயம் கிளையோடு போய்விடும், தண்டின் சொந்த இழையமும் திறந்துகொள்ளும். கிளையின் அடியை நீளமான முளையாக விட்டுவிட்டாலும் தவறுதான். முளை பட்டுப்போகும், புதிய பட்டை அதைத் தாண்டி மூடமுடியாது, அதற்குள் அந்தக் கட்டையில் பங்கசு வயிறு நிறைய உண்டு வளர்ந்துவிடும். வெட்டு சரியாக விழுந்ததா என்பதை ஓராண்டு கழித்து எவரும் பார்த்துச் சொல்லலாம். சரியான வெட்டைச் சுற்றிப் புதுப்பட்டை முழு வட்டமாக உருண்டு வந்திருக்கும். ஒட்ட அறுத்த வெட்டில் இரு பக்கமும் மட்டும் தடித்து, மேலும் கீழும் திறந்தே கிடக்கும்.

கனமான கிளையை ஒரே மூச்சில் அறுக்கக்கூடாது. பாதி அறுபட்டதும் கிளை தன் பாரத்தால் சரிந்து, தண்டின் பட்டையைக் கீழ்வரை கிழித்துக்கொண்டு போய்விடும். முதலில் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கிளையின் அடிப்புறத்தில் கால்வாசி அறுக்கவேண்டும். அடுத்து, அதற்கும் சற்று வெளியே மேற்புறத்திலிருந்து அறுத்துக் கிளையை விழவிடவேண்டும். எஞ்சிய முளையைக் கழுத்து மேட்டுக்கு வெளியே கடைசியாக எடுக்கவேண்டும்.

வெட்டிய இடத்தில் தார், பெயின்ட், சாணம் பூசும் பழக்கம் எங்கும் இருக்கிறது, அதற்கென்று டப்பாக்களில் மருந்தும் விற்கிறார்கள். பெரிய மரங்களில் இவை அழுகலைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. ஷைகோவும் சக ஆய்வாளரும் பூச்சுப் பூசிய காயங்களையும் பூசாத காயங்களையும் ஐந்தாண்டு கழித்துப் பிளந்து ஒப்பிட்டபோது, பூச்சு அழுகலை நிறுத்தியிருக்கவில்லை. அந்தப் பணத்தில் கூரான வாள் ஒன்று வாங்கினால் மரத்துக்கு நல்லது.

சுவர் எழுப்பச் சக்தி வேண்டும். அந்தச் சக்தி மாப்பொருளாக வேரிலும் தண்டிலும் உள்ள உயிர்க்கலங்களில் சேமிக்கப்பட்டிருக்கிறது. தேயிலைக்காரர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். கவ்வாத்துக்கு முன் சில செடிகளின் அடியைத் தோண்டி, பென்சில் தடிப்புள்ள வேர் ஒன்றை வெட்டி, வெட்டுமுகத்தில் அயடின் கரைசலைத் தடவிப் பார்ப்பார்கள். மாப்பொருள் நிறைந்த வேர் கருநீலமாக மாறும். வெளிர்மஞ்சளாகவே நின்றால் செடியின் களஞ்சியம் காலி. அந்த நிலையில் இலையெல்லாம் வெட்டியெறிந்தால் துளிர்க்கச் சக்தியின்றிச் செடி செத்துவிடும். அப்போது கொழுந்து எடுக்காமல் சில வாரங்கள் ஓய்வு கொடுப்பார்கள், அல்லது சில கிளைகளை இலையோடு விட்டு வெட்டுவார்கள். கிரெவிலியாவுக்கும் இதே கணக்குத்தான், ஆனால் அதற்கு அயடின் பார்ப்பவர் இல்லை. வளர்ந்த மரத்தில் ஓராண்டில் கால்பங்குக்கு மேல் பச்சையிலையை எடுக்கக்கூடாது என்பது மரப் பராமரிப்பில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு.

தலைவெட்டு இந்த வரம்பை ஒரே நாளில் தாண்டுகிறது. கழுத்து மேடு இல்லாத நடுத்தண்டில் வெட்டு விழுவதால் அங்கே காப்பு வலயம் எதுவும் இல்லை, கூரை இடைவெளி முழுதாகத் திறந்துகொள்கிறது. பட்டினியான மரம் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகளை எழுப்பி, வெட்டைச் சுற்றிக் கற்றையாகப் போத்துகளை விடுகிறது. பார்ப்பவர்களுக்கு மரம் பிழைத்துவிட்டதாகத் தோன்றும். இயல்பாக வளர்ந்த கிளை தண்டுக்குள் ஆண்டாண்டாக வேரூன்றியிருக்கும். இந்தப் போத்துகளோ தண்டின் வெளிப்படையில் மட்டும் ஒட்டியிருப்பவை. அவை வேகமாக நீண்டு தடித்து வரும் அதே ஆண்டுகளில் கீழேயுள்ள கட்டை அழுகிக்கொண்டிருக்கும். பாரம் ஏறுகிறது, பிடிமானம் குறைகிறது. யூகலிப்டஸ் போன்ற வேகமாகத் தளிர்க்கும் மரத்தில் இது சீக்கிரமே ஆபத்தான கட்டத்துக்கு வந்துவிடும்.

விறகுக்காகக் கிரெவிலியாவின் பக்கக் கிளைகளை எல்லாம் சீவி, உச்சியில் மட்டும் ஒரு கொத்து விடுவதும் நல்லதல்ல. காற்றில் பக்கக் கிளைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு தாளத்தில் ஆடுவதால் தண்டின் ஆட்டம் தணிகிறது. அவை போனால் காற்றின் விசை முழுவதும் உச்சியில் விழும், உயரத்துக்கேற்ப அடிமரத்தை வளைக்கும் விசை கூடும். மாறாக, முள்முருக்கை இளமையிலிருந்தே ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கழிப்பதில் தவறில்லை. அங்கே வெட்டுகள் சிறியவை, சுற்றிலும் உயிருள்ள இழையம் இருக்கிறது, நாளடைவில் அந்த இடம் முண்டாகத் திரண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது. சைப்ரஸ் இதற்கு எதிர்மாறு. இலையற்ற பழைய கட்டை வரை வெட்டினால் அது பெரும்பாலும் மீண்டும் துளிர்ப்பதில்லை, வேலியாக நட்டிருந்தால் அந்த ஓட்டை நிரந்தரமாகிவிடும்.

கழிப்பதால் தீராத ஆபத்தும் உண்டு. வீதியை அகலமாக்க மண்மேட்டைச் செங்குத்தாகச் செதுக்கும்போது மரத்தின் ஒரு பக்க வேர்கள் அறுபட்டுப் போகின்றன. அப்படிப்பட்ட மரம் ஒருபுறம் சாய்ந்து, மறுபுறம் மண் வெடித்திருந்தால், அல்லது அடிமரத்தில் பெரிய காளான்கள் தட்டுத் தட்டாக முளைத்திருந்தால், கிளையைக் குறைப்பதால் பயனில்லை. அதை முழுவதுமாக அகற்றவேண்டும். தேயிலைக்கு நடுவே நிற்கும் மரமானால் வெட்டுவதற்கு முன் அடியில் வளையமாகப் பட்டையை உரித்து விடுவது பழைய முறை. இலை தயாரிக்கும் உணவு வேருக்கு இறங்காமல் நின்றுபோக, வேரிலிருக்கும் மாப்பொருள் தீர்ந்துவிடும். பெச் காலத்து ஆய்வுகள் சொன்ன பங்கசுகளுக்கு அடிக்கட்டையில் தின்ன ஒன்றும் மிஞ்சாது. உரித்த மரம் நின்றபடியே பட்டுப்போவதால், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் இதைச் செய்யக்கூடாது.

தோட்ட நிர்வாகங்களும் உள்ளூராட்சி சபைகளும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே லயன்களுக்கும் பாடசாலைகளுக்கும் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களுக்கும் மேலே நிற்கும் மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கவேண்டும். கவ்வாத்தில் கைதேர்ந்த தொழிலாளர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். வெட்டு எங்கே விழவேண்டும் என்பதை அவர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர அதிக நாள் எடுக்காது. மரத்தில் ஏறுவதற்கான கயிறும் பட்டியும் தலைக்கவசமும் கொடுத்து, அந்தப் பயிற்சியையும் கொடுத்து, உரிய சம்பளத்தோடு இந்த வேலையை அவர்களிடம் ஒப்படைக்கவேண்டும். மின்கம்பிக்குப் பக்கத்திலுள்ள கிளையை மட்டும் யாரும் தொடாமல் மின்விநியோக நிறுவனத்துக்கு அறிவித்துவிடுங்கள்.