தகரத் திடலில் ஒரு தந்திர ஆட்டம்

அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று சொன்னால், நம் பிள்ளைகள் மாலையில் திடலில் உதைக்கும் காற்பந்து என்று எண்ணிவிடாதீர்கள், அன்பர்களே. அங்கே பந்து முட்டை வடிவமாக இருக்கும். அதைப் பெரும்பாலும் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், அல்லது எறிவார்கள். பக்கத்துக்கு 11 பேர். 4 முயற்சிக்குள் பந்தை 10 கஜமாவது முன்னே கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு ஓடுகிறவனை மறித்து வீழ்த்துவது எதிரணியின் வேலை.

இந்த முரட்டு ஆட்டத்தை மேசைமேல் ஏற்றிவைத்தவர் நார்மன் சாஸ் என்னும் பொறியியலாளர். நியூயார்க்கில் இருந்த அவருடைய டியூடர் நிறுவனம் 1949ஆம் ஆண்டில் இதனை விற்பனைக்கு விட்டது. அவர் 2012இல், தமது 87ஆம் வயதில் காலமானார். ஆட்டத்துக்கு இன்னும் வயதாகவில்லை. தலை நரைத்தவர்கள்கூட சங்கம் வைத்து ஆடுகிறார்கள்.

ஒரு மெல்லிய உலோகத் தட்டு. அதன்மேல் திடலின் கோடுகள் வரைந்திருக்கும். அடியில் ஒரு சின்ன மின் அதிர்வுக் கருவி. சுவிட்சைத் தட்டினால் தட்டு 'கிர்ர்' என்று நடுங்கும். மாவரைக்கும் இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் வைத்த டம்ளர் மெல்ல மெல்ல நகர்வதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே கதைதான். பிளாஸ்டிக் ஆட்டக்காரன் ஒவ்வொருவனும் ஒரு சிறு பீடத்தின்மேல் நிற்பான். பீடத்தின் அடியில் பின்பக்கம் சாய்ந்த மெல்லிய இழைகள் இருக்கும். தட்டு நடுங்க நடுங்க அந்த இழைகள் அவனை முன்னே தள்ளும். ஒரு பக்கத்து இழைகளைச் சற்றே வளைத்துவிட்டால் அவன் நேரே போகாமல் வளைந்து போவான். பின்னாளில் வந்த சில பீடங்களில் திசையைத் திருப்பிவைக்க ஒரு சிறு சக்கரமே உண்டு.

சுவிட்சைத் தட்டிய பிறகு யாரும் ஆட்கள்மேல் கை வைக்கக் கூடாது. ஓடுகிறவன் ஓடிக்கொண்டே இருப்பான். தட்டிலே 22 பேரும் எதிராளியின் கண்ணெதிரே நிற்கிறார்கள். அப்படியிருக்க அவரை ஏமாற்றுவது எங்ஙனம்?

நிஜத் திடலில் ஏமாற்றுவதற்கு உடம்பே போதும். பென்சில்வேனியாவில் கார்லைல் என்னும் ஊரில் ஒரு பள்ளி இருந்தது. அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வந்து, தாய்மொழி பேசக் கூடாதென்று தடுத்து வளர்த்த பள்ளி அது. அந்தப் பையன்கள் 1903 அக்டோபர் 31இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு மோதினார்கள். ஹார்வர்டு உதைத்த பந்தைப் பிடித்ததும் எல்லாரும் ஒன்றாகக் குவிந்து, சார்லஸ் டில்லன் என்பவரின் சட்டை முதுகுக்குள் அதைச் செருகிவிட்டு, நாலா பக்கமும் சிதறி ஓடினார்கள். பந்து யாரிடம் என்று ஹார்வர்டு ஆட்கள் தேடிக்கொண்டிருக்க, டில்லன் வெறுங்கையை வீசிக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டார். முடிவில் வென்றது ஹார்வர்டுதான், 12-க்கு 11. ஆனால் இன்றுவரை பேசப்படுவது அந்தச் சட்டைதான்.

மேசையில் இந்த வித்தை எடுபடாது. எதிராளி மேலிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறார். அவர் கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்றே ஒன்று. அது பீடத்தின் அடி.

பெரும்பாலும் தாக்கும் அணியே முதலில் ஆட்களை அடுக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தடுப்பவர் தம் ஆட்களை நிறுத்துவார். (விதிகள் சங்கத்துக்குச் சங்கம் சற்று மாறும்.) பார்த்துவிட்டு நிறுத்துவது அவருக்கு வசதி என்றுதான் தோன்றும். தந்திரக்காரன் அந்த வசதியையே தூண்டில் புழுவாக்கிவிடுகிறான். வலப்பக்கத்தில் ஆட்களைக் குவித்து, பந்துக்காரனையும் வலப்பக்கம் பார்க்க நிறுத்துகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பவரும் தம் ஆட்களை அந்தப் பக்கம் தள்ளி நிறுத்துகிறார். சுவிட்சு விழுகிறது. பந்துக்காரன் இரண்டு அங்குலம் வலப்பக்கம் போகிறான்; பிறகு வளைத்துவைத்த இழைகள் அவனை மெதுவாக இடப்பக்கம் திருப்புகின்றன. அங்கே ஆளே இல்லை! நிஜ ஆட்டமென்றால் "திரும்புடா!" என்று ஒருவன் கத்துவான், தவறு பாதியில் திருந்தும். இங்கே தடுப்பு ஆட்கள் ஒன்றும் அறியாமல் வலப்பக்க ஓரம்வரை ஓடிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

இன்னொன்று, மெதுவாக ஓடுகிற பீடத்தை வைத்துச் செய்வது. பந்துக்காரன் பின்னால் ஆமைபோல் நகர்வான். தடுப்பவரின் வேகமான ஆட்கள் இரு பக்கமும் அவனைத் தாண்டிப் போய்விடுவார்கள். காலியான நடுவழியில் அவன் சாவகாசமாக நடந்து வருவான்.

எறிவதிலும் தந்திரம் உண்டு. ஓடப்போவதுபோல் நெருக்கமாக அடுக்கினால் எதிராளியும் நெருங்கி நிற்பார். நடுவில் சுவிட்சை நிறுத்தி, எறியும் பொம்மையை அந்த இடத்தில் வைத்து, அதன் வில்கையால் கம்பளித் துண்டுபோன்ற குட்டிப் பந்தைச் சுண்டலாம். பந்து தன் அணி ஆள்மேல் பட்டால் பிடித்த கணக்கு. சுண்டப் பழக வேண்டும், அவ்வளவே.

இந்தத் தந்திரம் ஏதும் எடுத்த எடுப்பிலே பலிக்காது. அதே அடுக்கில் இரண்டு மூன்று முறை உண்மையாகவே வலப்பக்கம் ஓடிக் காட்டினால்தான் நான்காம் முறை எதிராளி நம்புவார். தட்டு சற்றுச் சரிந்திருந்தாலும், அதிர்வு கூடினாலும் குறைந்தாலும், வளைவு மாறிவிடும். ஆகவே ஒவ்வோர் ஆளையும் தனித்தனியே ஓடவிட்டுப் பார்த்துத் திருத்த வேண்டும். பொறுமையில்லாத பிள்ளைக்கு இது ஒத்துவராது.

"பிள்ளைக்கு ஏமாற்றக் கற்றுக்கொடுப்பதா, வாத்தியாரே?" என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். கேரம் பலகையில் ஒரு காயைப் பார்த்துக்கொண்டே வேறு காயை அடிக்கிறான் பையன். எவரும் குறை சொல்வதில்லை. முழங்கையால் காயை நகர்த்தினால் அடிதடிதான். சட்டை முதுகு அகப்படாத இந்தத் தகரத் திடலிலும் அந்தக் கோடு உண்டு. எதிராளி அடுக்கி முடித்த பின் சக்கரத்தைத் திருப்பக் கூடாது. மேசையை இடிக்கக் கூடாது. ஆளுக்கு எடை ஏற்றுவதற்கும் வரம்பு உண்டு. சங்கப் போட்டிகளில் பொம்மைகளைத் தராசிலே வைத்து நிறுப்பார்கள்.

ஏமாந்தவருக்கும் வழியில்லாமல் இல்லை. 11 பேரையும் முன்னே விரட்டாமல், இருந்த இடத்திலேயே வட்டமிடும்படி இழை வளைத்த ஒருவனைப் பின்னால், நடுவில் நிறுத்திவைப்பார்கள். எந்தப் பக்கம் வளைந்து வந்தாலும், வருகிறவன் பெரும்பாலும் அவன்மேல்தான் வந்து முட்டுவான்.