மேல்சித்தாமூரும் ஜனக்கணக்கும்

தென்னாற்காடு ஜில்லாவை 1993-ல் இரண்டாகப் பிரித்தபோது, செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூர் விழுப்புரத்தின் பங்கில் விழுந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சியும் தனி ஜில்லாவாகிவிட்டது. அதற்கு முன், 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி விழுப்புரம் ஜில்லாவில் 34,58,873 பேர். நூற்றுக்கு 85 பேர் கிராமவாசிகள்.

மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமைப்பீடமாகக் கொண்ட தமிழ்ச் சமணர்களும் இக்கூட்டத்தில் உண்டு. நயினார் என்ற பட்டமுடைய இவர்களிற் பெரும்பாலோர் பரம்பரையாக உழுதுண்டவர்கள். ஆனால் சமணர் என்றதும் பட்டணத்து வியாபாரிகளே நம்மவர் நினைவுக்கு வருகிறார்கள்! சர்க்கார் கணக்கும் இம்மயக்கத்தைத் தீர்க்கவில்லை. தமிழ்நாட்டுச் சமணர் 89,265 பேர் என்கிறது அது. வடக்கேயிருந்து வந்து குடியேறியவர்களும், இம்மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவர்களும் அதற்குள் ஒன்றாகவே அடக்கம். இனி எடுக்கும் கணக்கிலாவது சமயத்தோடு தாய்மொழியையும் சேர்த்துப் பட்டியலிடும்படி நாம் சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்.