ஒற்றைத் தையலா, ரெட்டைத் தையலா?

நான் பி.காம். கணக்குப் புலி என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். கணக்குப் பூனை என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் கார்டிலிருந்து பல் டாக்டர் ரசீது வரை எதையும் தூக்கிப் போடாமல் ஃபைல் போடுகிற ரகம். வீட்டில் இதற்காக வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக் கதை.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு லேடி டாக்டரிடம் மூக்கு உடைந்தது.

மனைவிக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிரசவம் வழக்கப்படி மாமனார் ஊரில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சிசேரியன். பையனுக்கு இப்போது இரண்டு வயது நடக்கிறது. இந்த முறை நாங்கள் குடியிருக்கும் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஐந்தாம் மாதம் போனோம்.

டாக்டரம்மா கேட்டார்: "முதல் குழந்தை சிசேரியன்தானே? கர்ப்பப்பையில எந்தப் பக்கமா வெட்டினாங்க, எப்படி மூடினாங்க? ஆபரேஷன் நோட்ஸ் இருக்கா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்! பெருமையாக ஃபைலை நீட்டினேன். அவர் புரட்டினார். புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

"சார், இது பில்லு."

பதினாலு பக்கம். பஞ்சு எத்தனை, கையுறை எத்தனை ஜோடி, தையல் நூல் எத்தனை பாக்கெட் என்று எல்லாம் இருந்தது. அந்த நூலை எங்கே, எப்படித் தைத்தார்கள் என்று மட்டும் ஒரு வரி கிடையாது. டிஸ்சார்ஜ் சீட்டிலும் 'சிசேரியன், ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம்'. அவ்வளவுதான்.

"வயித்துல தழும்பு குறுக்காத்தான் டாக்டர் இருக்கு" என்றாள் மனைவி.

"அது தோல்மேல இருக்கிற தழும்பும்மா. உள்ளே கர்ப்பப்பையில எப்படின்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டது யார்? நான். எந்த இடத்தில் கையெழுத்து என்று கேட்டேனே தவிர, எதற்குக் கையெழுத்து என்று கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பேண்ட் அளவு கொடுக்கத் தெருமுனை டெய்லரிடம் போனேன். பேச்சோடு பேச்சாக, "அண்ணே, ஒற்றைத் தையல் உசத்தியா, ரெட்டைத் தையல் உசத்தியா?" என்று கேட்டேன்.

"இழுவை இருக்கிற இடத்துக்கு ரெட்டைத் தையல்தான் சார். இல்லேன்னா உட்கார்ந்து எழுந்தா டர்ருனு போயிடும்!"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்து மாதம் குழந்தையைச் சுமக்கிற பையைவிடவா இழுவை உள்ள இடம் இருக்கிறது? அன்று ராத்திரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். தெரியாத இடங்களை அடுத்தடுத்த செக்கப்பில் டாக்டரம்மாவிடம் கேட்டு நச்சரித்தேன்.

தைக்கவே மாட்டார்கள்!

முதல் அதிர்ச்சி. அந்தக் காலத்தில் சிசேரியன் செய்தால் கர்ப்பப்பையைத் தைப்பதே பொதுவாக வழக்கமில்லையாம். அது தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும், உள்ளே நூல் போட்டால் திரும்ப எடுக்க முடியாமல் சீழ் பிடிக்கும் என்று நினைத்தார்கள். விளைவு, ரத்தப்போக்கிலும் கிருமியிலும் பெரும்பாலான தாய்மார்கள் இறந்து போனார்கள். (ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்ததால்தான் இந்தப் பெயர் என்கிற கதையை நம்பாதீர்கள். அவருடைய அம்மா, மகன் பெரியவனாகும்வரை உயிரோடு இருந்தார்.)

1876-ல் இத்தாலியின் பவியா நகரில் எடுவார்டோ போரோ என்ற டாக்டர் குழந்தையை எடுத்த கையோடு கர்ப்பப்பையையே அறுத்து எடுத்துவிட்டார். தாய் பிழைத்தாள். ஆனால், அத்தோடு மறு குழந்தை என்ற பேச்சுக்கே இடமில்லை.

1882-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் சேங்கர் என்ற முப்பது வயதுகூட நிரம்பாத டாக்டர், கர்ப்பப்பையை அறுத்து எறிய வேண்டாம், ஒழுங்காகத் தையுங்கள் என்று எழுதினார். ஆழத்தில் வெள்ளிக் கம்பி, மேலே பட்டு நூல் என்று அவர் சொன்னதே இரண்டு வரிசைதான்! இன்று ஒரு பெண் சிசேரியனுக்குப் பிறகும் இன்னொரு குழந்தை பெற முடிகிறதென்றால், அதில் அவருக்கும் பங்கு உண்டு.

பிறகு வெள்ளிக் கம்பி போய் கேட்கட் நூல் வந்தது. பெயரில் பூனை இருந்தாலும் அது பூனைக்குடல் அல்ல; ஆடு, மாட்டுக் குடலிலிருந்து செய்வது. கணக்குப் பூனைக்கு நிம்மதி! பிறகு செயற்கை இழைகள் வந்தன.

நாலு நிமிஷச் சண்டை

நெடுங்காலம் இரண்டு வரிசைதான் வழக்கம். முதல் வரிசை வெட்டின விளிம்புகளைச் சேர்க்கும். இரண்டாவது, அதன்மேல் தசையை மடித்து மூடும். 1980-களில் ஜெருசலேமின் மிஸ்காவ் லடாக் ஆஸ்பத்திரியில் மைக்கேல் ஸ்டார்க் என்ற டாக்டர் சிசேரியனில் தேவையில்லாத வேலைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினார். அதில் இரண்டாவது வரிசையும் போயிற்று. நேரமும் நூலும் மிச்சம்.

2002-ல் வந்தது குண்டு. கனடாவின் மான்ட்ரியலில், சிசேரியனுக்குப் பிறகு அடுத்த பிரசவத்துக்குச் சுகப்பிரசவம் முயன்ற பெண்களின் பழைய ரிக்கார்டுகளை எமானுவேல் புஜோல்டும் மற்ற டாக்டர்களும் அலசினார்கள். பிரசவ வலியில் பழைய தழும்பு பிளந்துகொண்டது, ஒற்றை வரிசை போட்டவர்களில் 3.1 சதவிகிதம், இரட்டை வரிசை போட்டவர்களில் 0.5 சதவிகிதம். டெய்லர் சொன்னது சரியாகிவிட்டதே!

அவசரப்படாதீர்கள். பழைய ரிக்கார்டைப் புரட்டுவது வேறு, சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி ஆளைப் பிரித்து ஒரு பாதிக்கு ஒற்றை, மறுபாதிக்கு இரட்டை என்று போட்டுப் பார்ப்பது வேறு. அதையும் செய்தார்கள். 'கோரோனிஸ்' என்ற ஆய்வில் ஏழு நாடுகளில் ஏறத்தாழ 16,000 பெண்கள். நம் இந்தியாவும் அதில் உண்டு. கர்ப்பப்பைத் தையல் உட்பட சிசேரியனின் ஐந்து விஷயங்களை அதில் ஒப்பிட்டார்கள். 2013-ல் வந்த முடிவு: ஒற்றைக்கும் இரட்டைக்கும் உடனடித் தொல்லைகளில் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை. விடாமல் மூன்று வருடம் கழித்து 13,000-க்கும் மேற்பட்டவர்களை மறுபடி விசாரித்தார்கள். 2016-ல் வந்த பதிலும் அதேதான்.

நெதர்லாந்தில் 32 ஆஸ்பத்திரிகளில் 2,292 பெண்களை வைத்து '2க்ளோஸ்' என்று ஓர் ஆய்வு. தையல் சரியாகச் சேராமல் தழும்பில் குழி விழுந்தால் மாதவிலக்கு முடிந்த பிறகும் சொட்டுச் சொட்டாகப் படும். இரட்டை வரிசை போட்டால் அது குறையுமா என்று பார்த்தார்கள். 2021-ல் விடை வந்தது: குறையவில்லை. ஆபரேஷன் சுமார் 4 நிமிடம் நீண்டதுதான் மிச்சம்.

அப்படியானால் டெய்லர் எங்கே தப்பு செய்தார்? டாக்டரம்மா சொன்னார்: "துணியைக் கடைசிவரை நூல்தான் சார் பிடிச்சுக்கிட்டிருக்கும். உடம்பு அப்படி இல்லே. நாங்க போடற நூல் ரெண்டு ரெண்டரை மாசத்துல கரைஞ்சு போயிடும். சதை தானா சேர்ற வரைக்கும் அது சாரம் கட்டின மாதிரி. வீடு நிக்கிறது சாரத்தாலயா?"

சாரத்தை ரொம்ப இறுக்கிக் கட்டினாலும் ஆபத்தாம். ரத்த ஓட்டம் குறைந்து சதை சரியாகச் சேராது. ஒற்றைத் தையலிலேயே ஒவ்வொரு கண்ணியையும் பூட்டிப் பூட்டித் தைத்தவர்களுக்குத்தான் தழும்பு அதிகம் பிளந்தது, பூட்டாமல் தைத்தவர்களுக்கு அப்படி இல்லை என்று 2011-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆக, எத்தனை வரிசை என்பதோடு எப்படித் தைத்தார்கள் என்பதும் கேள்விதான்.

எது முக்கியம்?

முதலில், வெட்டின திசை. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால், அடுத்த முறை வலியெடுத்துப் பெறும்போது தழும்பு பிளக்கும் வாய்ப்பு பொதுவாக நூற்றில் ஒன்றுக்கும் கீழே. மேலிருந்து நெடுக்காக வெட்டியிருந்தால் அது பல மடங்கு. சுகப்பிரசவ முயற்சியே கூடாது என்பார்கள்.

இரண்டாவது, இடைவெளி. முந்தின சிசேரியனுக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவே ஒன்றரை வருடமாவது வேண்டும். இது டாக்டர் கையில் இல்லை சார், நம் கையில் இருக்கிறது! மூன்றாவது, எத்தனை சிசேரியன் என்ற எண்ணிக்கை. ஒவ்வொன்றாகக் கூடக்கூட, நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேரோடிக்கொள்கிற ஆபத்தும் கூடுகிறது.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல சர்வேப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். அதாவது இதைப் படிக்கிற கல்யாணமான நண்பர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டு விஷயம் இது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி மாமனார் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "பழைய நோட்டெல்லாம் தர்றதில்லை சார்" என்றார் கவுன்டரில் இருந்தவர். இந்த முறை படித்துவிட்டுப் போயிருந்தேன். 2002-ஆம் வருட மருத்துவக் கவுன்சில் விதிப்படி உள்நோயாளி ரிக்கார்டை டாக்டர் மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். சத்தம் போடாமல் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நகல் கிடைத்தது. கிறுக்கல் எழுத்தில் இரண்டே வரி: கீழ்ப்பகுதி, குறுக்கு வெட்டு, இரண்டு வரிசைத் தையல்.

பதினாலு பக்கத்தில் இல்லாதது அந்த இரண்டு வரியில் இருந்தது.

டாக்டரம்மா படித்துவிட்டு, "நல்லது, சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாம்" என்றார். கடைசியில் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டதால் மறுபடி சிசேரியன்தான். பெண் குழந்தை. "பழைய தையல் நல்லா சேர்ந்திருக்கு. நான் இந்தத் தடவை ஒரே வரிசைதான் போட்டிருக்கேன்" என்றார் டாக்டரம்மா. நான் பதறவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று பில்லுக்கு முன்னால் ஆபரேஷன் நோட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். பிளாஸ்டிக் உறை போட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்தேன்.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஃபைலைப் பத்திரமா வைங்க. வேணாம்கலே. ஆனா மூணாவதுக்கு உதவும்னு நினைச்சு வைக்காதீங்க!"