பன்னில் குத்திய சிவப்பு முத்திரை

சியுங் சாவ் தீவில் கால் வைத்ததும் கண்ணுக்கு முன்பே மூக்குக்கு வேலை வந்துவிடும். படகுத்துறையை ஒட்டிய கடைகளில் கருவாடும் காய்ந்த கணவாயும் தொங்கும். பக்கத்திலேயே பாட்டில் பாட்டிலாக இறால் விழுது. பத்தடி நடந்த பிறகுதான் இன்னொன்று உறைக்கும். ஏதோ சத்தம் குறைகிறதே! கார் சத்தம். ஹாங்காங்கின் நெரிசலிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்த ஊரில் காரே கிடையாது. சைக்கிள் மணியும், சாமான் ஏற்றிப் படபடத்துக்கொண்டு போகும் குட்டி வண்டிகளும்தான். ஆம்புலன்ஸ்கூட சந்துக்கு ஏற்றபடி சிறுத்துவிட்டது.

ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் 5-ஆம் எண் துறையிலிருந்து படகு புறப்படுகிறது. வேகப் படகு அரை மணிக்குச் சற்று மேல்; சாதாரணப் படகு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அவசரமில்லாதவர்கள் சாதாரணப் படகில் மேல்தட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். கூரையில்லாத இடத்தில் உட்கார்ந்து, உப்புக்காற்றோடு சரக்குக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

தீவின் பெயருக்கு ‘நீளத் தீவு’ என்று பொருள். இரண்டு குன்றுகளை ஒரு மணல்திட்டு இணைக்கிறது. உடற்பயிற்சிக்காரர்கள் தூக்கும் டம்பெல்லின் வடிவம். அந்த இடுப்புப் பகுதியில்தான் ஊர். மேற்கே மீன்பிடித் துறை, கிழக்கே குளிக்கும் கடற்கரை. இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிட நடை. பெரும்பாலானவர்கள் அந்த ஐந்து நிமிடத்தை வேகமாகக் கடந்து கிழக்கே போய்விடுகிறார்கள். மணலும் நல்ல மணல்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஊர் தன் முகத்தை வைத்திருப்பது மேற்குப் பக்கம்.

அங்கே புயல் காலத்தில் படகுகள் ஒதுங்குவதற்கென்று தடுப்புச்சுவர் கட்டிய துறை இருக்கிறது. படகிலேயே பிறந்து படகிலேயே குடித்தனம் நடத்திய மீனவக் குடிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட்ட இடம். அந்த வாழ்க்கை பெரும்பாலும் கரையேறிவிட்டது. ஹாங்காங் கடற்பரப்பில் இழுவலை 2012 டிசம்பர் 31 முதல் தடை. தென்சீனக் கடலில் மே முதல் ஆகஸ்ட் நடுவரை தடைக்காலம். அதனால் மே மாதத்தில் துறை நிறையப் படகுகள் நிற்பதைப் பார்க்கலாம். கரையோரம் நீளத்துக்கு உணவகங்கள். தொட்டியில் நீந்தும் மீனைக் கைகாட்டினால் இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு ஆவியில் வேகவைத்துத் தருவார்கள். நடந்துகொண்டே தின்ன, குச்சியில் குத்திய பெரிய பெரிய மீன் உருண்டைகள்.

துறையிலிருந்து வடக்கே சில நிமிடம் நடந்தால் 1783-இல் கட்டிய பாக் தாய் கோயில். ‘வடதிசைப் பேரரசர்’ என்று வணங்கப்படும் பாக் தாய் நீருக்கு அதிபதி. காலடியில் ஆமையும் பாம்பும் கிடக்கும். ஊரில் கொள்ளைநோய் பரவியபோது இந்தச் சாமியை வீதி வீதியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள், நோய் ஓடிவிட்டது என்பது தீவின் கதை. அந்த நம்பிக்கையிலிருந்து பிறந்ததுதான் இங்கே உலகமே வந்து பார்க்கும் பன் திருவிழா. சீன நாட்காட்டியின் நான்காம் மாதத்தில் நடக்கிறது. மூன்று நாள் ஊரே சைவம். மெக்டொனால்ட்ஸ் கடையிலும் அந்த நாட்களில் காளான் பர்கர் விற்றதுண்டு.

அந்த மாதத்தின் எட்டாம் நாள் பகலில் குழந்தைகள் ஊர்வலம். வேடமிட்ட ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் கூட்டத்தின் தலைக்கு மேலே, ஒரு விசிறி நுனியிலோ வாள் முனையிலோ அந்தரத்தில் நிற்பதுபோல வருவார்கள். உடைக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சட்டம்தான் சூட்சுமம். புராண வேடங்களுக்கு நடுவே அன்றைய அரசியல்வாதிகளும் குட்டி உருவில் வந்து போவது தனிக் கூத்து.

நள்ளிரவில் ஏற்றம். வெள்ளை பன்களை ஆயிரக்கணக்கில் போர்த்திய கோபுரத்தில் ஏறி, எட்டிய மட்டும் பறித்துப் பையில் போட வேண்டும். உயரே இருக்கும் பன்னுக்கு அதிர்ஷ்டம் அதிகம். முன்பெல்லாம் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் மூங்கில் கோபுரங்களில் ஒரே சமயத்தில் தொற்றி ஏறுவார்கள். 1978-இல் ஒரு கோபுரம் சரிந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அரசு ஏற்றத்தை நிறுத்திவைத்தது.

மறுபடி தொடங்க 27 ஆண்டுகள். இடையில் நடந்ததுதான் சுவாரஸ்யம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் பாய்மரப் பலகைப் போட்டியில் லீ லாய் ஷான் தங்கம் வென்றார். ஹாங்காங்கின் முதல் ஒலிம்பிக் தங்கம். அவர் இந்தத் தீவில் வளர்ந்த பெண். 2001-இல் வந்த ஒரு கார்ட்டூன் படத்தில் மக்டல் என்ற மந்தப் பன்றிக்குட்டியை, நீயும் ஒலிம்பிக் போகவேண்டும் என்று அம்மா லீயின் பயிற்சியாளரிடம் கூட்டிக்கொண்டு வருகிறாள். அவர் கற்றுத்தருவது என்னவோ பன் பறிக்க! படம் ஓடியது; மறந்துபோன விளையாட்டு ஊர்வாயில் திரும்ப வந்தது. 2005-இல் போட்டியும் திரும்பியது. இப்போது எஃகுச் சட்டம், இடுப்பில் பாதுகாப்புக் கயிறு, தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேர், மூன்று நிமிடம். 2007 முதல் கோபுரத்தில் இருப்பது பிளாஸ்டிக் பன். பழைய ஆட்கள் சலித்துக்கொள்வது நியாயம்தான். ஆனால் இந்த ஊர் அந்தப் பன்னில் குத்துகிற சொல்லைப் பார்த்தால் கயிற்றின் மேல் கோபம் வராது. சிவப்பு மையில் இரண்டே எழுத்து: ‘பிங் ஓன்’. அமைதி, பத்திரம். கடலுக்குப் போகிறவனிடம் வீட்டில் சொல்லியனுப்பும் சொல்.

நேரம் மிச்சமிருந்தால் இரண்டு இடங்கள். கிழக்குக் கடற்கரை ஓரத்தில், ஒரு ஹோட்டலுக்குக் கீழே, சுமார் மூவாயிரம் ஆண்டுப் பாறைச் செதுக்கல். இன்றைக்கும் பொருள் பிடிபடாத சுழிக்கோடுகள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். தென்மேற்கு முனையில் சியுங் போ சாயின் குகை. மீனவர் மகனாகப் பிறந்து, கடற்கொள்ளையரிடம் சிக்கி, பிறகு அவர்களுக்கே தலைவனானவன்; 1810-இல் சரணடைந்து அரசின் கடற்படையிலேயே பதவி வாங்கிக்கொண்டான். புதையல் கதையை நம்பிப் போகிறவர்களுக்குக் கிடைப்பது ஆள் நெருக்கிப் புகவேண்டிய இடுக்கும் கும்மிருட்டும்தான். டார்ச் கட்டாயம், பெருத்த உடம்புக்காரர்கள் வாசலிலேயே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பலாம். குகைக்குப் போகும் வழியை நடந்து தீர்க்கவேண்டும் என்பதில்லை. துறையிலிருந்து சிறு படகு உண்டு. நங்கூரமிட்ட மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே புகுந்து போவதே ஒரு காட்சி.

திருவிழா இல்லாத நாளிலும் பேக்கரிகளில் அந்த பன் கிடைக்கும். உள்ளே தாமரை விதை, சிவப்புப் பயறு அல்லது எள் பூரணம். மூங்கில் கூடையைத் திறந்ததும் ஆவியோடு எடுத்துக் காகிதப் பையில் போட்டுத் தருவார்கள். படகு ஏறும்வரை வைத்திருக்க வேண்டாம். ஆறினால் மாவு இறுகிவிடும்.