மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

பெற்றோலோ டீசலோ இல்லையென்றால் வாகனம் ஓடாது என்றுதான் இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஓடும் என்பதை யாழ்ப்பாணத்துத் தாய்மார் அறிவார்கள்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்தப்பட்ட அளவிலேயே கிடைத்தது. ஜாம் போத்தல் விளக்குக்கே போதாத அந்த மண்ணெண்ணெயில்தான் எமது பழைய ஏ 40, மொறிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின.

பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறினால்தான் நன்கு ஆவியாகும். ஆகவே சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்தில் எம்மவர் முன்பே கண்ட முறைதான் இது. பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு என்பதால் அவை இதனைத் தாங்கிக்கொண்டன.

அந்தச் சில துளிகளின் பெறுமதியைப் பெண்களே நன்கு உணர்ந்திருந்தனர். நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்டால் கார் உடனே இயங்குமா என்பது உயிர்ப் பிரச்சினை. அதற்கென்றே ஒரு சிறு போத்தல் பெற்றோலை ஒளித்து வைத்திருந்த வீடுகள் உண்டு.

தூரப் பயணமோ இன்னும் கடினம். ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்ததால் கிளாலியில் படகேறி, இரவோடிரவாகக் கடல்நீரேரியைக் கடக்க வேண்டும். இயந்திரம் பூட்டிய ஒரு படகு, கயிற்றால் தொடுத்த மற்றப் படகுகளை இழுத்துச் செல்லும். கைக்குழந்தைகளுடன் தாய்மார் அவற்றில் குந்தியிருந்தனர். 1993 ஜனவரியில் படகுகள் தாக்கப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். ஆயினும் பயணம் நிற்கவில்லை. வேறு வழி இருக்கவில்லை.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுடன் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்தது. எஞ்சின்கள் விரைவில் தேய்ந்தன. புகையும் நாற்றமும் வீதியெங்கும் நிறைந்தன. மலிவு என்று எண்ணி இன்றைய வாகனங்களுக்கு எவரும் மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம். அன்று செய்தது தேவையினால். இன்று செய்தால் அது நட்டமே.

2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றது. அதன்பின் மின்சார வாகனங்களைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். நல்லதுதான். ஆனால் வாங்குமுன் அன்றைய அனுபவம் கற்பித்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவசரத்துக்கு உடனே புறப்படுமா? பாரம் ஏற்றினால் எவ்வளவு தூரம் போகும்? வழியில் தீர்ந்தால் எங்கே நிரப்பலாம்? பின்னால் ஒரு பெட்டியைக் கொழுவி இழுத்தால் மின்கலம் வெகு விரைவில் இறங்கிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இடையில் எங்கே மின்னேற்றுவது என்பதை அறியாமல் குடும்பத்தோடு புறப்படலாகாது.

மாற்று எரிபொருள் எதுவானாலும் அதன் பலமும் குறையும் தெரிந்து பயன்படுத்த வேண்டும். அன்று ஒரு துளியையும் வீணாக்காத வீட்டுப் பெண்களின் சிக்கனம் எந்த வாகனத்துக்கும் பொருந்தும். அதனை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.