புரிவெட்டும் இயந்திரம் 'கடகட' என்றால்

காணியை விட்டு வந்த நமது பிள்ளைகள் சிலர் பட்டறைகளில் வேலை பழகுகின்றனர். தானியங்கிப் புரிவெட்டும் இயந்திரம் 'கடகட' என ஒலித்தால் அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். புரிவெட்டி கடினமான உருக்கு; வளையாது, முறியும். முறிந்த துண்டு துளைக்குள் இறுகினால், இறைக்கும் இயந்திரத்தின் வார்ப்பு முழுவதுமே வீணாகலாம். இதைத் தடுக்கவே கிளச் உள்ளது. அதில் வில் அழுத்தும் சிறு குண்டுகள் குழிகளில் அமர்ந்திருக்கும். சுமை மிஞ்சினால் அவை குழியை விட்டு வழுகும். தண்டு சுழலும், புரிவெட்டி நின்றுவிடும். சத்தம் அதனாலேயே.

சத்தத்தை நிறுத்த வில்லின் நட்டை இறுக்குவது (பலரும் செய்வதுதான்) காவல்நாயின் வாயைக் கட்டுவது போன்றது. சீவல் அடைத்ததா, எண்ணெய் போதாதா, முனை மழுங்கியதா, துளை சிறிதா என்று பார்ப்போம். 6 மி.மீ. சாதாரண புரிக்கு 5 மி.மீ. துளை வேண்டும்; 10 மி.மீ. புரிக்கு 8.5. பெரிய புரிவெட்டிக்கு இறுக்கிய நட்டைத் தளர்த்தாமல் சிறியதைப் பூட்டக் கூடாது.